பொருத்தமான தண்ணீர்

எங்கள் சொட்கோல் பள்ளத்தாக்கில் கெட்ட கிணறு ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, நீர் மேலாண்மை மையம் சொல்கிறது. இந்த நிலையை எட்ட மையம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரும்பாலான பாடு பே தால்சுவின் கிணற்றடியில் நடந்ததால் அவர் கதையைச் சொன்னால் போதும்.

தால்சு மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனைவி குக்ஜா நடத்திவந்த தூபுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்துகொண்டார். சோயாவை ஊறவைத்து அரைத்து, காய்ச்சி, வடிகட்டி, அந்தப் பாலைத் திரைத்துத் துணியில் கட்டிக் கல்லேற்றி வைத்தால் தூபு. வெள்ளையாக, மெத்தென்று, ஆவி பறக்க வரும். மலையேற வருகிறவர்கள் புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சியோடு அதைத் தின்றுவிட்டு, ஏற வந்த மலையை மறந்துவிட்டுத் திரும்பிப் போவதுண்டு. எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் குணம் என்பாள் குக்ஜா. தன் கைப்பக்குவத்தைப் பற்றி அவளுக்குப் பேசத் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசத் தெரியும்.

கடைக்குப் பின்னால் மேடேறினால் பழைய தங்கச் சுரங்கம். எங்கள் அப்பாக்கள் காலத்திலேயே கம்பெனி திவாலாகிவிட்டது. போகிறபோது சுரங்க வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். இனி உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீருக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு வருடம் மழைக்காலம் முடிவதாகவே இல்லை. மலை ஊறி, சுரங்கம் நிரம்பி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற தண்ணீர் கீழே கசியத் தொடங்கியது. இலையுதிர்காலத்தில் ஒருநாள் குக்ஜா துணியை அவிழ்த்தபோது தூபு துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருந்தது. வழக்கமாக வருகிற பேருந்து ஓட்டுநர் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணே, தூபுக்கு வெயில் பட்டிருச்சா?”

தால்சு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு டப்பாவில் தூபுவும் எடுத்துக்கொண்டு மையத்துக்குக் கிளம்பினார்.

மையத்தின் முழுப் பெயர் ‘கைவிடப்பட்ட சுரங்க நிலத்தடி நீர்ப் பொருத்த மேலாண்மை மையம்’. பள்ளத்தாக்கின் முகப்பில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே செயற்கை நீர்வீழ்ச்சி. அதற்குத் தண்ணீர் கடலோர நகரத்திலிருந்து லாரியில் வருகிறது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து குனிந்து வணங்கினாள்.

“ஐயா, தண்ணி கெட்டுப்போச்சா, இல்ல கெட்டுப்போன மாதிரி உங்களுக்குத் தோணுதா?”

“ரெண்டும்தாம்மா.”

“ரெண்டுக்கும் வேற வேற மாடிங்க. கெட்டுப்போச்சுன்னா மூணாவது மாடி. ஆனா பரிசோதனை முடிவு கையில இருக்கணும்.”

“பரிசோதனை எங்க பண்ணுவாங்க?”

“மூணாவது மாடியிலங்க.”

“அங்க நான் எப்படிப் போறது?”

“முடிவோட போகணுங்க.” அவள் முகத்தில் கொஞ்சமும் கேலி இல்லை. “தோணுதுன்னா இங்க கீழயே உக்காரலாம்.”

கீழே இருந்தது மக்கள் உணர்வு அறை. மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். மையத்தின் சின்னம் பொறித்த கைத்துண்டு ஒன்றும் கொடுத்தார்கள். இப்போது எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று தால்சு மரியாதைக்குச் சொல்லிவைத்தார். உடனே அவர் புகார் தீர்க்கப்பட்டது.

வெளியே வந்து படிக்கட்டில் துண்டோடு நின்றவரைப் பார்த்து இரக்கப்பட்டவள் மியோங் சோரா. பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள், சின்ன வயது. “நானே வந்து எடுத்துட்டுப் போறேன் ஐயா. என்கிட்ட சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றாள்.

அவள் தனியாகத்தான் வருவாள் என்று தால்சு நினைத்திருந்தார். இரண்டு வேன்கள் வந்தன. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, இரட்டைக் கையுறையோடு ஆட்கள் இறங்கிக் கிணற்றைச் சூழ்ந்தார்கள். ஒருவர் கிணற்றைப் படம் எடுத்தார். ஒருவர் கிணற்றைப் படம் எடுப்பவரைப் படம் எடுத்தார். வந்தவர்கள் வெயிலில் வியர்த்து நிற்கிறார்களே என்று குக்ஜா தட்டில் தூபுவும் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும் கொண்டுவந்து நீட்டினாள். அத்தனை பேரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றாள் சோரா, முகமூடிக்குள்ளிருந்து. “இந்தத் தண்ணியில செஞ்ச எதையும் நாங்க தொடக்கூடாது. பாதுகாப்பு விதி.”

“அப்ப நாங்க?”

“அந்த விதி ஊழியர்களுக்கு மட்டுந்தாம்மா.”

முடிவு வந்தது. தண்ணீரில் ஆர்செனிக், குடிநீருக்கு அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு. குக்ஜாவுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. சோரா பழைய பெயரைச் சொன்னாள்: பாஷாணம்.

“அந்தக் காலத்துல அரண்மனையில பிடிக்காத ராணிக்கு ராஜா கொடுத்து அனுப்புவாரே, அதுவா?”

“அதேதாம்மா. ஆனா இது யாரும் அனுப்பலை. தானா வந்திருக்கு.”

“ராணிக்காவது ஒரே தடவையில முடிஞ்சிருக்கும்” என்றாள் குக்ஜா.

ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மைய இயக்குநர் ஆன் கியூபோங் நேரில் வந்தார். வெள்ளைத் தலைமுடி, மிருதுவான குரல், பேசும்போது கையை மார்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம். எங்களுக்குப் பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகள் வந்து இறங்கின. அதுவரை யாரும் எங்களை அவ்வளவு கவனித்ததில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன்” என்றார் இயக்குநர். “கடல் தண்ணி கெட்ட தண்ணியா? யாராவது அப்படிச் சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்க. ஏன்னா அதை யாரும் குடிக்கறதில்ல. அப்ப கெட்டதுங்கறது தண்ணியில இல்ல, குடிக்கறதுல இருக்கு. பே ஐயா கிணத்துத் தண்ணி குடிநீர்னு பார்த்தா பொருந்தலை. வீட்டு உபயோக நீர்னு பார்த்தா அழகாப் பொருந்துது. பாவம், இத்தனை நாளா அந்தத் தண்ணி மேல தாங்க முடியாத பாரத்தை ஏத்தி வச்சிருக்கோம்.”

தால்சு மெதுவாக எழுந்தார். “அப்ப தண்ணி சுத்தமாயிருமாங்க?”

“சுத்தம் எங்க துறை இல்லீங்க. எங்க துறை பொருத்தம்.”

எங்கள் ஊர்த்தலைவர் மா சாங்தே கைதட்டினார். அவருக்கு வேறு கவலை. எங்கள் வருமானம் மலைச்சரிவில் விளையும் முட்டைக்கோஸ். தண்ணீர் கெட்டது என்று ஒரு சொல் வெளியே போனால் தலைநகர் சியோல் வியாபாரி ஒருவரும் கணவாயைத் தாண்டி வரமாட்டார். “பொருந்துதுன்னு பெரியவங்களே சொல்றாங்க. அதை ஏன் நோண்டணும்” என்றார். கையைத் தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினோம். தால்சுவும் தூக்கினார். ஏனென்று வீட்டில் குக்ஜா கேட்டதற்கு, பக்கத்தில் எல்லோரும் தூக்கினார்கள் என்றார்.

“பக்கத்துல எல்லாரும் கிணத்துல குதிச்சா?”

“இனிமே அதுல குதிக்கலாமாம். குடிக்கத்தான் கூடாது” என்றார் தால்சு.

கிணற்றுக்குப் பக்கத்தில் நீல நிறப் பலகை நட்டார்கள்: ‘வீட்டு உபயோகம் - பொருத்தம்’.

அடுத்த வருட மழை அந்தப் பலகையை மதிக்கவில்லை. வீட்டு உபயோக அளவையும் தண்ணீர் தாண்டியது. சோரா வந்து, தலையைக் குனிந்துகொண்டு, கிணற்றை விவசாயப் பயன்பாட்டுக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னாள். ஆனால் விவசாயக் கிணறு என்றால் விவசாயம் இருக்க வேண்டும். கடை முற்றத்தில் மேசைகள் இருந்த இடத்தைக் கொத்தி மையமே முட்டைக்கோஸ் நட்டுக் கொடுத்தது. சாப்பிட வந்தவர்கள் பாத்திகளுக்கு நடுவே கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் மையத்தின் ஆய்வாளர் ஒருவர் அடுப்படியில் கொதிக்கும் சோயாப் பாலை எட்டிப் பார்த்தார்.

“இது என்னங்க?”

குக்ஜா துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: “பாசனம் பண்றேன். பயறுக்கு.”

ஆய்வாளர் சற்று யோசித்தார். பிறகு, “சூடாவா?” என்று கேட்டார்.

“மலைப்பக்கம் குளிருதுல்ல.”

அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். தால்சு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

விவசாய அளவும் தாண்டியதும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு வந்தார்கள். தூபுக் கடை தொழிற்சாலையாயிற்று. இருவருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். காலையில் ஊத ஒரு சங்கு பொருத்தினார்கள். முட்டைக்கோஸைப் பிடுங்கிவிட்டு அவசரகாலத்தில் ஓடிவந்து நிற்பதற்கான இடம் என்று தரையில் வெள்ளை வட்டம் போட்டார்கள். தலைக்கவசத்தோடு குனிந்தால் அது அண்டாவுக்குள் விழுகிறதென்று குக்ஜா அதைக் கழற்றி, அதில் சோயாவை ஊறவைத்தாள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. தொழிற்சாலைத் தண்ணீரால் உண்ணும் பொருள் எதையும் செய்யக்கூடாது. தால்சு அதைச் சோராவிடமே கேட்டார்.

“அப்ப எங்க தொழிற்சாலையில என்ன செய்யறது?”

“எதுவும் செய்ய வேண்டாம் ஐயா. செய்யாத வரைக்கும் எந்தப் பிரச்சினையும் இல்ல.”

“எதுவும் செய்யாத தொழிற்சாலையா?”

சோரா நிமிர்ந்து, தூரத்தில் தெரிந்த கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தாள். “இருக்கலாம் ஐயா” என்றாள்.

தூபு நின்றுபோனது. பேருந்துகள் கடையைத் தாண்டிப் போய்க் கணவாய்க்கு அப்பால் நின்றன. தால்சு காலையில் சங்கை ஊதுவார். பிறகு இருவரும் வெறும் அண்டாவின் முன் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற வேலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. சோறு வடிக்க, காய் கழுவ, வாற்கோதுமைத் தேநீர் கொதிக்கவைக்க, எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர். பெட்டியில் வரும் பாட்டில் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

குக்ஜாவின் உள்ளங்கைகளில் சிறு சிறு காய்ப்புகள் தெரியத் தொடங்கியதும் அப்போதுதான். சோளமணிகள் மாதிரி, தோலுக்கடியில் கடினமாக. துடுப்புப் பிடித்த கை என்று முதலில் நினைத்தாள். துடுப்பை விட்டபிறகும் அவை பெருகின. பாதங்களிலும் வந்தன. கழுத்தில் மழைத்துளி விழுந்த புழுதிபோலப் புள்ளிகள்.

தொழிற்சாலை அளவையும் தண்ணீர் தாண்டிய நாளில் இயக்குநரே காரில் வந்து இறங்கினார். இனி தண்ணீரை எந்தப் பயன்பாட்டுக்குத்தான் மாற்ற முடியும், இதோடு மையத்தின் வித்தைகள் தீர்ந்தன என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மையத்தை நாங்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தோம்.

“பே ஐயா, உங்க கிணறு இனிமே வெறும் கிணறு இல்ல” என்றார் அவர், தால்சுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. “கண்காணிப்புக் கிணறு. அதுக்கு வரம்பே கிடையாது. இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் அளவைத் தாண்டிட்டோம், தாண்டிட்டோம்னு எவ்வளவு வருத்தப்பட்டோம். இனிமே எவ்வளவு இருந்தாலும் அது குற்றமில்ல, தகவல். கூடக் கூட நல்லது. நல்ல தகவல்.”

“ஐயா, எம் பொண்டாட்டி கையைக் கொஞ்சம் பாருங்க.”

இயக்குநர் பார்த்தார். கண்கள் கலங்கின, அதை நான் மறுக்கமாட்டேன். “நான் நகரத்துல பொறந்தவன். பொறந்ததுலருந்து வடிகட்டின தண்ணிதான். தண்ணிக்கும் எனக்கும் ஒரு உறவும் கிடையாது. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு” என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு குக்ஜாவுடன் கைகுலுக்கினார். படம் எடுத்தார்கள்.

கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். ஊரின் மற்ற கிணறுகளும் அதே பட்டியலில் சேர்ந்தன. கிணற்றிலிருந்து அடுப்படிக்குப் போகும் குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. குழாயை வெட்டுவது மையத்தின் வேலையில்லை. அது கட்டட இடிப்புப் பிரிவின் வேலை, அந்தப் பிரிவு எங்கள் மாவட்டத்தில் இன்னும் தொடங்கப்படவில்லை. அதனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, எப்போதும்போல.

அந்த வருடம் நாட்டிலேயே சிறந்த நீர் மேலாண்மைக்கான விருது எங்கள் மையத்துக்குக் கிடைத்தது. அளவைத் தாண்டிய கிணறுகள்: இல்லை. விழாவில் ஊர்த்தலைவர் மா சாங்தேவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் பாட்டில் தண்ணீர் லாரி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தால்சு போய்க் கேட்டார். சோராதான் வெளியே வந்தாள்.

“அது அளவைத் தாண்டின ஊருக்குக் கொடுக்கற தண்ணி ஐயா. உங்க ஊருல இப்ப ஒண்ணும் தாண்டலையே.”

“நகரத்துக் குழாயாவது கணவாய் தாண்டி வருமா தாயி? ஊரோட எழுதிக் கேட்டிருந்தோமே.”

“குடிநீர்க் கிணறு கெட்டுப்போன ஊருக்குத்தான் முதல்ல. உங்க ஊருல குடிநீர்க் கிணறே இல்லன்னு இருக்கு.” அவள் குரல் தாழ்ந்தது. “நீங்க வேற எங்கயாவது போயிர முடியாதா?”

“வீட்டை யாரு வாங்குவா?”

சோரா உள்ளே போய் ஒரு பெட்டி பாட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மாதத்துக்கு ஒதுக்கும் தண்ணீர் அது. தால்சு அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அது தீரும்வரை குக்ஜா ஒரு துளி சிந்தவிடவில்லை.

பனி விழத் தொடங்கியதும் தால்சு அவளைக் கட்டாயப்படுத்தி மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். சின்ன வயது மருத்துவர். அவள் கையை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“எந்தத் தண்ணிம்மா குடிக்கறீங்க?”

“எங்க கிணத்துத் தண்ணிதான்.”

“எந்த ஊரு?”

சொன்னார்கள். மருத்துவர் உடனே மையத்தைத் தொலைபேசியில் அழைத்தார். இருவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். தால்சு நாற்காலியின் நுனிக்கு வந்தார். கடைசியில் படித்த மனிதர் ஒருவர் கையைப் பார்த்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுமுனையில் சோராவின் குரல்தான் வந்தது. மருத்துவர், சொட்கோல் ஊரில் நாட்பட்ட பாஷாண பாதிப்பு இருப்பதாகச் சந்தேகப்படுவதாகச் சொல்லி, அங்கே குடிநீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

“சொட்கோல்ல குடிநீர்க் கிணறு எதுவும் இல்லீங்க டாக்டர்.”

“இவங்க கிணத்துத் தண்ணி குடிக்கறதா சொல்றாங்களே.”

“அங்க இருக்கறது கண்காணிப்புக் கிணறுங்க. அதுலருந்து யாரும் குடிக்கறதில்ல. அப்படித்தான்... அப்படித்தான் நான் சொல்ல முடியும் டாக்டர். குடிச்சா அது அத்துமீறல். அந்த ஐயா மேலயே நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்.”

மருத்துவர் தொலைபேசியை வைத்தார். குடிக்காத தண்ணீரால் வந்த நோய் என்று தன்னால் எழுத முடியாது, எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும் என்றார். பனிக்காலத் தோல் வறட்சி என்று எழுதி ஒரு களிம்பு கொடுத்தார். கதவுவரை வந்து, “முடிஞ்சா அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கம்மா” என்று மெதுவாகச் சொன்னார்.

“அதான் குடிக்கறதில்லையே டாக்டர்” என்றாள் குக்ஜா. “இப்பத்தான நீங்களும் கேட்டீங்க.”

திரும்பும் பேருந்தில் தால்சு பழைய பழக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் காலால் தரையை அழுத்திக்கொண்டு வந்தார். வளைவுகள் அவர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் விறைத்திருந்தது. குக்ஜா கோட்டைக் கழற்றாமலே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து கெண்டியை நிரப்பினாள். வறுத்த வாற்கோதுமையை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். மணம் வீடெல்லாம் பரவியது. நான் அப்போது வைத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்கப் போய், வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள்.

ஆவி பறக்கும் கிண்ணத்தைத் தால்சு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஆறிப்போகுது, குடிங்க” என்றாள் குக்ஜா. களிம்பு தடவிய கையால் தன் கிண்ணத்தை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். “நாமதான் குடிக்கலையே. அப்புறம் என்ன பயம்.”

நாங்கள் குடித்தோம்.